வாராந்திர மருந்து ஆய்வுச் சுருக்கம்: சந்தா கட்டலாமா?

மும்பையில் தனிக் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்களுக்காக, உலகெங்கும் வெளியாகும் மருந்து ஆய்வுகளைச் சுருக்கி வாரந்தோறும் அனுப்பும் சந்தாச் சேவைகள் இப்போது பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் படித்தும், அதன் கூட்டங்களுக்குப் போயும் வருகிறேன். சில குறைகளைக் கடுமையாகவே சொல்லப்போவதாலும், அவை இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு கைப்பேசிக்கு வந்து சேரும் எட்டுப் பக்கச் சுருக்கம், பழைய இதழ்களைத் தேடிப் பார்க்க ஒரு செயலி, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மாட்டுங்காவில் வாடகை அரங்கில் நடக்கும் கூட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் சேவை. ஆண்டுச் சந்தா ஏறத்தாழ 5,000 ரூபாய். இதைக் கட்டலாமா, பணம் வீணாகுமா என்று கேட்கும் செம்பூர், தாராவி, அண்டாப் ஹில் வட்டாரத் தமிழ் மருத்துவ நண்பர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

தேவை இருக்கிறதா என்ற கேள்விக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மைய அரசின் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் உரியது. தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் மாடிப்படிக்குக் கீழே கிளினிக் வைத்திருப்பவருக்கு அதில் இடமில்லை. அவர் கைக்கு வருவது மருந்து நிறுவனப் பிரதிநிதி தரும் வழவழப்பான அட்டை. அந்த அட்டையில் இருப்பது பெரும்பாலும் பொய் அல்ல. ஆனால் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மூலக் கட்டுரை வேண்டும், அதைப் படிக்க நேரமும் வேண்டும். மாலை ஆறரை மணியிலிருந்து பத்தரை வரை பெஞ்சு நிறைய நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் கிளினிக்கில் அந்த நேரம் எங்கிருந்து வரும்?

இத்தகைய சேவையை நான் வேகத்தால் அளப்பதில்லை. புதிய ஆய்வு வந்துவிட்டது என்ற செய்தி, அது வெளியான இரவே மருத்துவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றிவிடுகிறது. எனக்குத் தெரிய வேண்டியவை வேறு: ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார், என் நோயாளி அவர்களைப் போன்றவரா, நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்கு உண்மையில் பயன், என்ன தீங்கு, ஒரு மாத மருந்துக்கு என்ன செலவாகும், இதைத் தொடங்கினால் பழைய மருந்தில் எதை நிறுத்தலாம். இவற்றுக்கு விடை சொல்லாத சுருக்கம், எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், செய்தித்தாள் துணுக்குதான். இந்த அளவுகோலில் இச்சேவை சில வாரங்களில் மிக உயர்ந்தும், சில வாரங்களில் ஏமாற்றமளித்தும் வந்திருக்கிறது.

உயர்ந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாரடைப்புக்குப் பின் பீட்டா பிளாக்கர் என்ற, இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்தைக் கொடுப்பது, நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் கேள்விக்கு அப்பாற்பட்ட பாடம். அந்தப் பாடத்துக்கு ஆதாரமான பெரிய ஆய்வுகள் 1980களின் தொடக்கத்தில், அடைப்பைத் திறக்கும் ஸ்டென்ட்டும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் புழக்கத்துக்கு வராத நாட்களில் நடந்தவை. இன்று அடைப்பைச் சில மணி நேரத்தில் திறந்துவிடுகிறோம். இதயத் தசை பெரும்பகுதி பிழைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவருக்கும் அந்த மருந்து வேண்டுமா என்ற ஐயம் நெடுநாளாக இருந்தது. 2024இல் வந்த ரெட்யூஸ்-ஏ.எம்.ஐ. ஆய்வு, இதயத்தின் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் விழுக்காடு) 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்த 5,020 பேரில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2025 ஆகஸ்ட் இறுதியில் மத்ரித் நகரில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில், ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 8,505 பேரைச் சேர்த்த ரீபூட் ஆய்வும் அதையே சொன்னது. அதே மாநாட்டில், நார்வேயும் டென்மார்க்கும் இணைந்து 5,574 பேரிடம் நடத்திய பீட்டாமி-டான்பிளாக் ஆய்வு நேர்மாறாகப் பேசியது: மருந்து எடுத்தவர்களில் 14.2 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 16.3 விழுக்காட்டினருக்கும் மரணமோ பெரிய இதய நிகழ்வோ ஏற்பட்டது என்றது.

அந்த வாரம் எங்கள் குழுக்களில் ஒரே கூச்சல். "பீட்டா பிளாக்கர் காலம் முடிந்தது" என்று பாதிப்பேரும், "ஒன்றும் மாறவில்லை" என்று மீதிப்பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இச்சேவை அந்த வெள்ளிக்கிழமை அதைப் பற்றி ஒரு வரிகூட வெளியிடவில்லை. அடுத்த வாரம் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியது. ஆய்வின் பெயர் வாரியாக இல்லாமல், நோயாளியின் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை வாரியாக அந்தப் பக்கம் பிரிக்கப்பட்டிருந்தது: எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 40க்குக் கீழ் என்றால் எந்த மாற்றமும் இல்லை, மருந்து கட்டாயம், 40 முதல் 49 வரை என்றால், நான்கு ஆய்வுகளிலிருந்து அந்த வரம்பில் இருந்த 1,885 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில் ஏறத்தாழ 25 விழுக்காடு ஆபத்து குறைந்திருக்கிறது, ஆகவே கொடுக்கலாம், 50க்கு மேல் என்றால் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, அவசரப்பட வேண்டாம். நவம்பரில், இயல்பான எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் கொண்ட 17,801 பேரின் தரவைத் திரட்டிய பகுப்பாய்வு வெளிவந்து, அவர்களுக்குப் பயன் தென்படவில்லை என்று காட்டியபோது, பழைய பக்கத்தையே திருத்தி, எந்த வரி மாறியது என்று பக்கவாட்டில் கோடிட்டு மறுபடி அனுப்பினார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் அந்தப் பக்கம் செய்தது. புதிதாகத் தொடங்குவதா என்ற கேள்வியையும், ஆண்டுக்கணக்கில் எடுத்துவருபவருக்கு நிறுத்துவதா என்ற கேள்வியையும் தனித்தனியாக வைத்தது. பிரான்சில் 3,698 பேரிடம் நடந்து 2024இல் வெளியான அபிஸ் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 23.8 விழுக்காட்டினரும் தொடர்ந்தவர்களில் 21.1 விழுக்காட்டினரும் பாதிப்புக்குள்ளானார்கள். வேறுபாட்டில் பெரும்பங்கு இதயக் காரணங்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்ததால் வந்தது. தொடங்காமல் இருப்பது பாதுகாப்பானது என்பதால் நிறுத்துவதும் பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதை இரண்டே வாக்கியத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தின் அருமை தாராவியில் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து தோல் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் அட்டையை மேசையில் வைத்து, "டாக்டரய்யா, இந்த மாத்திர இனிமே தேவையில்லைன்னு வாட்ஸ்ஆப்ல வந்திருக்கு, நிப்பாட்டிரட்டுமா?" என்றார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த எக்கோ அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். 45 என்று இருந்தது. "அந்தச் செய்தி வேற ஆளுங்களுக்கு அண்ணாச்சி, உங்க இதயத்துக்கு இது வேணும்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நான் சந்தா கட்டுகிறேன்.

இத்தனை கவனத்தோடு எழுதத் தெரிந்தவர்கள், உடல் எடைக் குறைப்பு ஊசிகள் என்று வந்தவுடன் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். செமாக்ளூடைடு பற்றிய செலக்ட் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோய் உள்ள, நீரிழிவு இல்லாத, 45 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் நிறை குறியீடு 27க்குக் குறையாத 17,604 பேரிடம் நடந்து 2023இல் வெளியானது அது. சுருக்கத்தின் தலைப்பில் "20 விழுக்காடு ஆபத்துக் குறைவு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது சரியான எண்தான். ஆனால் ஆய்வில் போலி மருந்து எடுத்தவர்களில் 8.0 விழுக்காட்டினருக்கும், செமாக்ளூடைடு எடுத்தவர்களில் 6.5 விழுக்காட்டினருக்கும் இதய, இரத்தக்குழாய் நோயால் மரணமோ, மாரடைப்போ, பக்கவாதமோ நேர்ந்தது. அதாவது ஏறத்தாழ நாற்பது மாதங்களில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர். ஒருவரைக் காப்பாற்ற ஏறக்குறைய 67 பேர் அத்தனை மாதங்கள் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் 16.6 விழுக்காடு, மறுபக்கம் 8.2. இந்த எண்களில் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதும் இல்லை.

செமாக்ளூடைடு பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றுக்கு ஒன்றரை என்பது, சரியான நோயாளிக்கு, சிறிய எண் அல்ல. என் குறை அளவுகோல் மாறுவதில்தான். இதே சேவை, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு நீரிழிவு மாத்திரையான டாபாக்ளிஃப்ளோசின் கொடுத்துப் பார்த்த டாபா-சி.கே.டி. ஆய்வைப் பற்றி எழுதியபோது முழுக் கணக்கையும் கொடுத்திருந்தது: 4,304 பேர், நிலைமை மோசமானவர்கள் மருந்துப் பிரிவில் 9.2 விழுக்காடு, போலி மருந்துப் பிரிவில் 14.5 விழுக்காடு, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் 19 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பயன். டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இலேயே முடிந்து, மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது. அதை விளம்பரப்படுத்த இப்போது யாரும் பெரும்பணம் செலவிடுவதில்லை. ஊசிகளின் நிலை வேறு: டிர்செபாடைடு 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடு ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அந்த மாதங்களின் சுருக்க இதழ்களை வரிசையாக விரித்துப் பார்த்தால், பக்கங்கள் எந்தத் திசையில் சாய்ந்தன என்று யாருக்கும் புரியும்.

இங்கே ஆதரவுப் பக்கங்கள் பற்றிப் பேசியாக வேண்டும். எட்டுப் பக்கங்களில் ஒன்றோ இரண்டோ மருந்து நிறுவனங்களின் பண ஆதரவோடு வருபவை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சந்தா குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கங்கள் மற்றப் பக்கங்களின் அதே எழுத்துருவில், அதே நிறத்தில், அதே பத்தி அமைப்பில் வருகின்றன. 'ஆதரவு' என்ற சொல் கீழ் மூலையில், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தேடிப் பிடிக்க வேண்டிய அளவில் இருக்கிறது. 2024 மார்ச்சில் மைய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நடைமுறைக் கோவை, மருத்துவர்களுக்குப் பரிசுப் பொருள் தருவதற்கும், சொற்பொழிவாளர் அல்லாதவர்களைச் செலவு செய்து அழைத்துப்போவதற்கும் தடை போட்டது. பேனாவும் பையும் நின்றன. அந்தப் பணம் இப்போது 'அறிவுப் பகிர்வு' என்ற பெயரில் பக்கங்களுக்குள் நுழைகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இரத்த அழுத்தம் பற்றிய பக்கங்கள் நடுத்தரம். 2015இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவருவது நல்லது என்றபோது, அதில் நீரிழிவு நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. அந்த இடைவெளியை 2024 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த பி-ப்ரோட் ஆய்வு நிரப்பியது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 12,821 பேரில், 120க்குக் கீழ் என்ற இலக்கு வைத்தவர்களுக்கு, நூறு பேருக்கு ஆண்டொன்றுக்கு 1.65 பெரிய இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள், 140க்குக் கீழ் என்ற இலக்கில் 2.09. நம் ஊருக்கு இது மிகத் தேவையான செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு 2023இல் வெளியானது. சுருக்கம் பி-ப்ரோட்டின் எண்களைச் சரியாகக் கொடுத்தது. தலைசுற்றலோடு அழுத்தம் இறங்குவதும் பொட்டாசியம் கூடுவதும் தீவிரப் பிரிவில் அதிகம் என்பதையும் விடாமல் சொன்னது.

விட்டது எது என்றால், அழுத்தத்தை எப்படி அளந்தார்கள் என்பது. இந்த ஆய்வுகளில் நோயாளியை உட்காரவைத்து, சில நிமிடம் ஓய்வு கொடுத்து, தானியங்கிக் கருவியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்து சராசரி எடுக்கிறார்கள். என் கிளினிக்கில் நோயாளி சயான் ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்து, செங்குத்தான இரும்புப் படியில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டுகிறார். அவருடைய 138ஐ ஆய்வின் 138 என்று நினைத்து மூன்றாவது மாத்திரையைச் சேர்த்தால், மறுவாரம் அவர் குளியலறையில் மயங்கி விழுவார். புதிய இலக்கைச் சொல்லும் எந்தச் சுருக்கமும் அளக்கும் முறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மருத்துவர் அதைத் தானே அறிந்திருப்பார் என்று விட்டுவிடுவது சரியல்ல.

இந்திய ஆய்வு என்றால் இவர்களுக்குச் சற்று சோம்பல் வந்துவிடுகிறது. டாப்ஸ்பின் என்ற ஆய்வு, நாட்டின் 32 மையங்களில் 1,981 பேருக்கு, இரத்த அழுத்த மருந்துகளான அம்லோடிபின், பெரிண்டோப்ரில், இண்டப்பமைடு ஆகியவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தது. மூன்று சேர்க்கைகளும் ஆறு மாதத்தில் ஒரே அளவு பயன் தந்தன; ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் 140/90க்குக் கீழே வந்தார்கள். எந்தச் சேர்க்கையை முதலில் எழுதுவது என்று தினமும் யோசிக்கும் எனக்கு, 'விலையையும் கணுக்கால் வீக்கத்தையும் இருமலையும் பார்த்து உன் விருப்பம்போல் எழுது' என்று சொல்லும் இந்த முடிவு, வெளிநாட்டுப் புது மூலக்கூறு பற்றிய பத்துச் செய்திகளுக்குச் சமம். இது 2024 நவம்பரில், பி-ப்ரோட் வந்த அதே மாதத்தில் வெளியானது. சுருக்கத்தில் வந்ததோ வெகுநாள் கழித்து, ஆறாம் பக்கத்தில்.

காசநோய் விஷயத்தில் என் வருத்தம் இன்னும் பெரியது. மும்பையில் பொது மருத்துவம் பார்ப்பவர், வாரம் தவறாமல் காசநோயைச் சந்திப்பவர். மருந்தை எதிர்க்கும் காசநோய்க்கு, பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினெசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை மைய அரசு 2024 செப்டம்பரில் தேசியத் திட்டத்தில் ஏற்றது. இந்நோய்க்கு முன்பு சிகிச்சை இருபது மாதம்வரை இழுத்தது. இதைச் சேவை உடனே நன்றாக விளக்கியது. லினெசோலிட் கொடுக்கும்போது இரத்த அணுக்களையும் கண் பார்வையையும் கால் மரத்துப்போவதையும் கவனிக்கச் சொல்லி ஓர் அட்டவணையும் கொடுத்தது. ஆனால் ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வுக்கு, பழைய இதழ்களைத் தேடிப் பார்த்ததில், நான்கு வரிதான் கிடைத்தது. 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 750 கலோரியும் 23 கிராம் புரதமும் தரும் உணவுப்பொருளும் நுண்ணூட்டச் சத்தும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றும் வகைக் காசநோய் 48 விழுக்காடு. நோயாளிகளிடையே, முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

அரிசியும் பருப்பும் சேர்ந்த கூடை ஒன்று சாதித்த இந்த விளைவை ஒரு மாத்திரை சாதித்திருந்தால், அதற்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆய்வில் பங்கு கொண்டது சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அது 1956இல் தொடங்கப்பட்ட காலத்தில், காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணமாக்க முடியும் என்ற நம்பிக்கையை, வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே பலன் என்று 1959இல் ஆதாரத்தோடு மாற்றிக்காட்டி, உலகின் நடைமுறையையே திருப்பிய நிறுவனம். அதன் பங்குள்ள ஆய்வைத் துணுக்காகப் போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. காசநோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக உயர்ந்தது என்பதையும், தனியார் மருத்துவர் பதிவு செய்தால் அவருடைய நோயாளிக்கும் அது கிடைக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்திருந்தால் பலருக்கு உதவியிருக்கும்.

நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2025 மார்ச் 11இல் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரையின் காப்புரிமை முடிந்து, 60 ரூபாயை ஒட்டி இருந்த மாத்திரை சில வாரங்களில் பத்து ரூபாய்க்கும் கீழே கிடைக்கத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு சுருக்கத்தின் கீழும் 'முப்பது நாள் செலவு' என்று ஒரு வரி வருகிறது. யாருடைய யோசனையோ, அவருக்கு நன்றி. பிரின்சஸ் தெரு மொத்தக் கடைகளின் விலை, சில்லறை விலை, மக்கள் மருந்தகத்தில் இருந்தால் அந்த விலை என்று மூன்றும் இருக்கும். 'இந்த மருந்து சிறந்தது' என்பதும், 'இந்த மருந்தை என் நோயாளி மூன்றாவது மாதமும் வாங்குவார்' என்பதும் வேறுவேறு செய்திகள். இரண்டாவதைச் சொல்லும் வெளிநாட்டுச் சேவை எதையும் நான் பார்த்ததில்லை. அதே போல, 2024 ஆகஸ்டில் மைய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, அரசாணையின் வேதிப்பெயர்களோடு நிற்காமல், நாங்கள் எழுதிப் பழகிய வணிகப் பெயர்களையும் எதிரே போட்டு அனுப்பினார்கள். அந்தப் பட்டியலை என் கம்பவுண்டர் அச்செடுத்து இன்றும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறார்.

சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம், செஃபெபைம் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற செய்தியையும், 'பெருமைப்படுங்கள், ஆனால் இது மருத்துவமனை ஊசி, கிளினிக்கில் எழுதுவதற்கு அல்ல' என்ற தொனியில் முடித்திருந்தது எனக்குப் பிடித்தது.

செயலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேடல் வேதிப்பெயருக்கு வேலை செய்கிறது, வணிகப் பெயருக்குத் தடுமாறுகிறது. இணையம் இல்லாவிட்டாலும் பழைய இதழ்கள் திறக்கின்றன. நோயாளிக்குக் கொடுக்கும் விளக்கத் தாள்கள் மராத்தியிலும் இந்தியிலும் இருக்கின்றன, தமிழில் இல்லை. தாராவியையும் சயான் கோலிவாடாவையும் அறிந்த ஒரு மும்பை நிறுவனம் இதை இன்னும் செய்யாதது வியப்பு.

மாட்டுங்கா கூட்டங்கள் சொற்பொழிவாளரைப் பொறுத்தவை. மகாராஷ்டிர மருத்துவ மன்றப் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் 30 தொடர்கல்விக் கிரெடிட் மணி தேவை என்பதால், இட்லியும் காபியும் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு. நிறுவனங்களிடம் பணம் பெற்றதை அறிவிக்கும் படவில்லையை (ஸ்லைடை) சிலர் கண் இமைப்பதற்குள் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் கேள்வி நேரம் அருமை. ஒரு கூட்டத்தில், முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த மூத்த மருத்துவர் ஒருவர், புதிய மருந்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவரிடம், "தம்பி, இந்த ஆய்வுல எழுபத்தஞ்சு வயசுக்கு மேல எத்தன பேரு? என் பேஷன்ட் எல்லாம் அந்த வயசு" என்று கேட்டார். பேசியவர் தன் படவில்லைகளை முன்னும் பின்னும் புரட்டினார், எண் கிடைக்கவில்லை. "பார்த்துச் சொல்றேன் சார்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமைச் சுருக்கத்தில் அந்த எண் பதிலாக வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஆய்வுக்கும் வயதுப் பிரிவும் அச்சாகிறது.

ஆகவே, யாருக்கு இது உதவும்? நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகம் என்று நாள்முழுதும் பார்க்கும் பொது மருத்துவருக்குக் கொடுத்த காசுக்குக் குறைவில்லாமல் உதவும். குழந்தை மருத்துவருக்கும் மகப்பேறு மருத்துவருக்கும் இப்போதைக்கு வேண்டாம். மாதத்தில் ஒரு பக்கம் தேறினால் அதிகம். கல்லூரியில் பணிபுரிந்து மூல இதழ்களை நேரடியாகப் படிக்க முடிகிறவர்களுக்கு அந்த 'முப்பது நாள் செலவு' வரியைத் தவிரப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றிய பக்கங்களை மட்டும் யார் படித்தாலும், தலைப்பில் உள்ள விழுக்காட்டை விட்டுவிட்டு, இரு பிரிவிலும் நூற்றுக்கு எத்தனை பேர் என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கடிதம் எழுதிக் கேளுங்கள், தருகிறார்கள். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால், அதையொட்டிப் பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பக்கங்களை வாங்கப் போட்டியிடும். அப்போது இந்தக் கவனம் இன்னும் தேவைப்படும்.

கட்டுவதென்று முடிவு செய்தால், சந்தாப் படிவத்தின் கடைசிப் பக்கம்வரை போகவும். 'ஆதரவு உள்ளடக்கம் வேண்டாம்' என்ற கட்டம் அங்கேதான் இருக்கிறது. அதைக் குறித்தால் சந்தா கொஞ்சம் கூடும், ஆனால் வெள்ளிக்கிழமை இதழ் ஆறு பக்கமாகச் சுருங்கி வரும். குறிக்காமல் பணம் கட்டினால் அடுத்த புதுப்பித்தல்வரை மாற்ற விடுவதில்லை.